பல செயலிக் கணிப்பொறியும் அதனை ஆளும் அறிவும்

ஒருவரால் முடியாத வினையைப் பலர் கூடி முடித்தல் உலகத்து இயல்பு. ஏர் பல பூட்டி உழுதலும், ஊர் கூடித் தேர் இழுத்தலும் நம்மவர் நெடுங்காலமாகக் கண்டறிந்தனவே. ஆயினும், பலர் கூடிய மாத்திரத்தே வினை விரைந்து முடியுமென்று கூறுதல் இயலாது. வடம் பிடிப்போர் நூற்றுவராயினும், ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பாராயின் தேர் நிலைபெயராது. எல்லாரையும் ஒரு நொடியில் ஒரு திசைக்கண் இழுக்கச் செய்யும் குரல் ஒன்று வேண்டும். இவ்வுண்மை கணிப்பொறியின்கண் எவ்வாறு விளங்குகின்றதென்பதை ஆராய்ந்து, அதனால் நம் மாணவர் மேற்கொள்ளத்தக்கது இன்னதென எமது கருத்தைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாளில் கணிப்பொறி வாங்கப் புகும் மாணவரும், கல்லூரிக்கென்று அதனைத் தெரிந்தெடுக்கும் பெரியோரும் முதற்கண் வினவுவது, ‘இதில் எத்தனை கோர்கள் உள?’ என்பதே. நான்கினும் எட்டு நன்று, எட்டினும் பதினாறு நன்று என்று எண்ணிப் பொருளைச் செலவிடுகின்றனர். செலவிட்டு வாங்கிய பின்னர், தாம் எழுதும் நிரல் அவற்றுள் ஒன்றையே உழைப்பித்து ஏனையவற்றை வாளா இருத்துகின்றதென்பதை அறிவார் சிலரே. செயலிகளைக் கூட்டுதல் பொருளால் ஆகும்; கூட்டியவற்றை உழைப்பித்தல் அறிவால் ஆகும். இவ்வறிவை ஏட்டளவில் நிறுத்திவிடாது, மாணவர் தம் கையாற் பழகிப் பெறுமாறு கல்லூரிகள் செய்தல் வேண்டுமென்பதே யாம் வலியுறுத்த விழைவது.

பொருள் விளங்குதற்பொருட்டுச் சில சொற்களை முதலில் வரையறுப்போம். செயலி என்பது கணிப்பொறியில் கணக்கிடுந் தொழிலைப் புரியும் உறுப்பு. இயங்குதளம் என்பது அவ்வுறுப்பையும் நினைவகத்தையும் வட்டையும் பல நிரல்களுக்கும் பகிர்ந்தளித்து ஆளும் மென்பொருள். அதன் நடுநாயகமாகிய பகுதியைக் கர்னல் என்பர். செயலி ஒன்றேயாயின் இயங்குதளத்தின் வேலை ஒருவாறு எளிது; இந்நிரலுக்குச் சிறிது நேரம், அந்நிரலுக்குச் சிறிது நேரம் என முறைவைத்து அளித்தாற் போதும். செயலி இரண்டாயினோ, இரண்டும் ஒரே காலத்தில் ஒரே நினைவகத்தைத் தொடுகின்றன. எதற்கு எவ்வேலை தருவது, எது முன்னர்த் தொடுவது, ஒன்று மாற்றியதை மற்றொன்று எப்பொழுது அறிவது என்னும் வினாக்கள் அப்பொழுதே எழுகின்றன. எல்லாச் செயலிகளும் ஒத்த உரிமையுடன் ஒரு நினைவகத்தைப் பகிரும் இவ்வமைப்பைச் சமச்சீர்ப் பல்செயலாக்கம் என்பர்.

பல செயலிகளைக் கூட்டிவைத்தல் புதிய முயற்சியன்று. 1962ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனத்தார் அமைத்த டி825 என்னும் பொறி நான்கு செயலிகள் வரை ஏற்பதாயிருந்தது. எனினும், நெடுங்காலம் இத்தகைய பொறிகள் அரசாங்கத்தாரும் பெருநிறுவனத்தாரும் மட்டுமே வாங்கத்தக்க விலையினவாய் இருந்தன. மேசைமீது வைத்தற்குரிய சிறு கணிப்பொறிக்கு அவ்வமைப்பு வந்தெய்தியது 1990களிலேயாம். 1994இல் இன்டெல் நிறுவனத்தார் பல்செயலிப் பொறிகளுக்கென ஒரு விவரக்குறிப்பை வெளியிட்டனர். தாய்ப்பலகையில் எத்தனை செயலிகள் உள, அவற்றிற்குக் குறுக்கீடுகள் எவ்வழிச் சேரும் என்பனவற்றைப் பட்டியலாக எழுதி நினைவகத்தில் வைக்கும் முறையை அது வகுத்தது. அதன் பின்னர், தாய்ப்பலகையைச் செய்தவர் யாவராயினும், இயங்குதளம் அப்பட்டியலைப் படித்துச் செயலிகளை அறிதல் எளிதாயிற்று.

ஈண்டு மாணவர் கருத்தில் இருத்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. பொறிக்கு மின்சாரம் ஊட்டியவுடன் எல்லாச் செயலிகளும் ஒருங்கே வேலை தொடங்குவதில்லை. ஒன்று மட்டும் முதற்செயலியாய் நின்று பொறியை எழுப்பும். ஏனையவை காத்துக் கிடக்கும். இயங்குதளம் நினைவகத்தில் ஏறி, பட்டியலைப் படித்து, ஒவ்வொரு செயலிக்கும் எழுப்புங் குறிப்பை அனுப்பினால்தான் அவை விழிக்கும். எழுப்பத் தெரியாத இயங்குதளத்தை நிறுவியவனுக்கு இரண்டாம் செயலி, விலைகொடுத்து வாங்கிய உறக்கமேயாம்.

1995இல் வந்த விண்டோஸ் 95உம், அதன் பின்வந்த விண்டோஸ் 98உம், 2000இல் வந்த விண்டோஸ் மில்லெனியமும் இவ்வாறு எழுப்பத் தெரியாதவையே. அவற்றை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரே 1993இல் வெளியிட்ட விண்டோஸ் என்டி, தொடக்க முதலே பல செயலிகளை ஆள வல்லதாயிருந்தது. ஆயினும் ஆற்றல் வேறு, உரிமம் வேறு. என்டி 4.0இன் பணிநிலையப் பதிப்பு இரண்டு செயலிகளையே ஏற்றது. 2001இல் வந்த எக்ஸ்பியின் இல்லப் பதிப்பு ஒன்றையும், தொழில்முறைப் பதிப்பு இரண்டையும் ஏற்றன. பதிப்பு இரண்டும் ஒரே வழியில் வந்தனவாயினும், எத்தனை செயலி உழைக்கலாமென்பதை விலையே வரையறுத்தது. இதுவுமன்றி, ஒரு செயலியுடன் நிறுவிய என்டியில் பின்னர் இரண்டாவது செயலியைப் பொருத்தினால், அது தானே அதனைக் கண்டுகொள்ளாது. கர்னலையும், வன்பொருளோடு ஒட்டி நிற்கும் அதன் அடித்தட்டையும், பல்செயலிக்கு உரியனவாக மாற்றியமைத்தல் வேண்டும். பொறியைக் கட்டுவோன் இயங்குதளத்தையும் அறிந்தவனாயிருத்தல் இன்றியமையாததென்பது இதனாற் போதரும்.

அக்காலத்து எழுந்த இரண்டு பொறிகளைச் சான்றாகக் காட்டுவோம். முதலாவது பீபாக்ஸ் என்பது. ஆப்பிள் நிறுவனத்தில் முன்னர் உயர்பதவி வகித்த ழான்-லூயி கஸே என்பார் தொடங்கிய பீ நிறுவனம், இதனை 1995 அக்டோபரில் வெளியிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பவர்பிசி 603 செயலிகள் இரண்டு இதன்கண் இருந்தன. அச்செயலியோ, பலவாக நின்று தொழில்புரிதற்கென அமைக்கப்பட்டதன்று. ஒரு தரவின் படியை இரு செயலிகள் தத்தம் கேஷ் நினைவகத்தில் ஒருங்கே வைத்துக்கொள்ளும் வசதி அதற்கில்லை. அக்குறையிருந்தும் அப்பொறி பெயர்பெற்றது. என்னை? அதனோடு வந்த பீஓஎஸ் என்னும் இயங்குதளம், பல செயலிகள் உண்டென்பதையே அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டமையான் என்க. அதில் ஒவ்வொரு சாளரத்திற்கும் தனி இழை உண்டு. நிரலெழுதுவோன் விரும்பினும் விரும்பாவிடினும் அவன் வேலை பல இழைகளாகப் பிரிந்தே நடக்கும். பொறியின் முகப்பில் இரு வரிசை விளக்குகள் அமைந்து, இவ்விரு செயலிகளும் எவ்வளவு உழைக்கின்றன என்பதைக் காண்போர்க்கு உணர்த்தின. விற்பனையில் அது வெல்லவில்லை. இரண்டாயிரத்திற்கும் குறைந்த எண்ணிக்கையே செய்யப்பட்டு, 1997இல் நின்றுபோயிற்று. எனினும், அது உணர்த்திய பாடம் நின்றுபோகவில்லை. செயலியின் குறையை இயங்குதளம் ஓரளவு ஈடுசெய்யும். இயங்குதளத்தின் குறையைச் செயலி ஈடுசெய்யாது.

இரண்டாவது, 1999இல் அபிட் நிறுவனத்தார் வெளியிட்ட பிபி6 என்னும் தாய்ப்பலகை. இன்டெல் நிறுவனத்தார் மலிவுவிலையில் விற்ற செலெரான் செயலியை இரட்டையாகப் பயன்படுத்தவேண்டுமென்பது அவர் தம் கருத்தன்று. இரட்டைக்கென விலையுயர்ந்த வேறு செயலிகளை அவர் விற்றனர். ஆர்வலர் சிலர் செலெரானில் இரட்டையாக்கும் இணைப்பு உள்ளே இருத்தலைக் கண்டு, துளையிட்டும் கம்பி பற்றவைத்தும் அதனை இயக்கிக் காட்டினர். பிபி6 பலகையோ, இவ்வகைத் திருத்தம் எதுவுமின்றி, இரண்டு செலெரான்களை அப்படியே பொருத்த இடமளித்தது. மாணவரும் சிறுவருவாயினரும் தம் வீட்டில் இரு செயலிப் பொறியைக் கட்டும் நிலை அதனால் உண்டாயிற்று. பொதுவழியின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு உயர்த்தி, 366 மெகாஹெர்ட்ஸ் செயலியை 550இல் ஓட்டினோரும் பலர். ஒத்த வேகமும் ஒத்த கேஷும் உடைய இரு செயலிகளைத் தேடுதல், இரண்டின் வெப்பத்தையும் நீக்குதல், இரண்டிற்கும் போதிய மின்சாரம் தரும் வழங்கியைத் தெரிதல் ஆகிய எல்லாவற்றையும் அவர் செய்து செய்தே கற்றனர். அதன்மேல் விண்டோஸ் 98ஐ நிறுவியோர்க்கு ஒரு செயலியின் பயனே கிட்டியது. என்டியும் 2000இல் வந்த விண்டோஸ் 2000உம் லினக்ஸும் நிறுவினோரே இரண்டாவதைக் கண்டனர்.

நிற்க. இரண்டு செயலிகளும் விழித்தெழுந்த பின்னராவது வேகம் இரட்டிப்பாகின்றதோவெனின், அதுவும் இல்லை. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, நினைவகத்திற்குச் செல்லும் வழி ஒன்றேயாதல். பிபி6 பலகையில் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் முறைக்கு 8 பைட் செல்லும் பொதுவழி ஒன்றே உண்டு. ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 53 கோடி பைட் என்பதே இரு செயலிகளுக்கும் சேர்த்துள்ள எல்லை. ஒரே கயிறுள்ள கிணற்றில் நீர் முகக்க இருவர் வந்தால், ஒருவர் முகக்கும்போது மற்றவர் காத்து நிற்பர். தம் குடத்தில் நீருள்ளவரையில் அவரவர் வேலை நடக்கும். குடம் வறிதானவுடன் கிணற்றடியில் நிற்றல் வேண்டும். செலெரானின் குடம், அஃதாவது அதன் இரண்டாம்நிலைக் கேஷ், 128 கிலோபைட் அளவினது. 2003இல் ஏஎம்டி நிறுவனத்தார் வெளியிட்ட ஆப்டெரான் செயலி, நினைவகத்தை ஆளும் உறுப்பைத் தன்னுள்ளேயே கொண்டு, செயலிக்கொரு கிணறு என்னும் முறையை அமைத்தது. அதனால் நெருக்கடி தீர்ந்ததாயினும், தன் கிணற்று நீர் விரைவிலும் அயலார் கிணற்று நீர் தாமதித்தும் கிட்டும் புதுநிலை உண்டாயிற்று. எந்நிரலை எக்கிணற்றின் அருகில் இருத்துவதென்னும் கடமை மீண்டும் இயங்குதளத்தின் தலைமேலேயே விழுந்தது.

இரண்டாவது, கர்னலின் பூட்டு. இரு செயலிகளும் கர்னலின் ஒரே கணக்கேட்டை ஒருங்கே திருத்தினால் அது சிதையும். ஆகவே ஒன்று உள்ளே புகுங்கால் மற்றொன்று புகாதவாறு பூட்டிடல் வேண்டும். லினக்ஸ் கர்னலின் 2.0ஆம் பதிப்பு 1996 ஜூனில் பல செயலிகளை ஏற்றபோது, ஆலன் காக்ஸ் முதலியோர் முதலில் இட்டது கர்னல் முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டு. பெரிய அலுவலகம் ஒன்றற்கு ஒரே வாயிலும் ஒரே திறவுகோலும் இருந்தாற்போன்றது அது. தத்தம் கணக்கைச் செய்யும் நிரல்கள் அதனால் இடர்ப்படா; வட்டையும் வலைப்பின்னலையும் அடிக்கடி நாடும் நிரல்களோ வாயிலில் வரிசையாக நிற்கும். 1999இல் வந்த 2.2ஆம் பதிப்பு முதலாக, அறைக்கொரு பூட்டு, பின்னர்ப் பெட்டிக்கொரு பூட்டு எனச் சிறிது சிறிதாகப் பிரித்தனர். அப்பெரும்பூட்டின் கடைசி எச்சம் நீங்கியது 2011 மே மாதத்து 2.6.39ஆம் பதிப்பிலேயாம். இட்ட பூட்டை எடுக்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன என்பதை மாணவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளமும் 1998இல் இவ்வகைப் பூட்டுடன் தொடங்கி, 2003 ஜனவரியில் வந்த 5.0ஆம் பதிப்பு முதலாக அதனைப் பிரிக்கலாயிற்று. பிரிக்கும் முறைபற்றி எழுந்த கருத்து வேறுபாட்டால் அவ்வாண்டிலேயே மேத்யூ டில்லன் என்பார் பிரிந்து, டிராகன்ஃப்ளை என்னும் தனி இயங்குதளத்தைத் தொடங்கினார். அறிஞர் தம்முள் பிரியும் அளவிற்கு இவ்வினை அரிதென்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, வினையின் இயல்பு. ஐபிஎம் நிறுவனத்தின் ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துக்காட்டிய கணக்கு இது. ஒரு வேலைக்கு ஒரு செயலி 60 நிமிடம் கொள்வதாகவும், அதில் 15 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கதாகவும் கொள்வோம். இரு செயலிகள் கூடினால் எஞ்சிய 45 நிமிடம் இருபத்திரண்டரை ஆகும், மொத்தம் முப்பத்தேழரை. மூன்று கூடினால் 30. ஒன்பது கூடினால் 20. ஆயிரம் கூடினும் 15க்குக் கீழ் இறங்காது. பாலைக் காய்ச்சி உறையிட்டுத் தயிராக்கும் வேலைக்கு ஆட்களைக் கூட்டுவதால் தயிர் விரைந்து தோய்வதில்லை. இதற்கு மறுமொழியாக ஜான் குஸ்டாஃப்சன் 1988இல் வேறொன்று கூறினார்: செயலி மிகுந்தவிடத்து மக்கள் பழைய வேலையையே விரைந்து முடிக்க முயலாது, அதே நேரத்தில் பெரிய வேலையை மேற்கொள்வர்; அப்பொழுது பிரிக்கக்கூடிய பகுதி பெருகுமென்பது அவர் கருத்து. இரண்டும் உண்மையே. எவ்வேலைக்கு எது பொருந்துமென்று பகுத்தறியும் அறிவே வேண்டற்பாலது.

2005 வரையில் இவையெல்லாம் ஆர்வலர் சிலர்க்கும் பெருநிறுவனத்தார்க்குமே உரிய கவலைகளாயிருந்தன. ஏனையோர் ஒரே செயலியின் வேகம் ஆண்டுதோறும் உயர்தலைக் கண்டு மனநிறைவுற்றிருந்தனர். 2004 நவம்பரில் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிடுங் கருத்தை இன்டெல் அதற்கு முந்திய மாதத்திலேயே கைவிட்டுவிட்டது. வேகத்தை உயர்த்த உயர்த்த வெப்பமும் மின்செலவும் தாங்கொணாதவாறு மிகுந்தமையே காரணம். 2005 மே மாதத்தில் இன்டெலின் பென்டியம் டியும் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2உம் இரு கோர்களுடன் கடைகளுக்கு வந்தன. அன்று தொட்டு, ஆர்வலர் மேசைமேல் இருந்த சிக்கல் எல்லார் மேசைக்கும் பைக்கும் வந்து சேர்ந்தது. இன்று நம் மாணவர் கையிலுள்ள தொலைபேசியும் பல்செயலிப் பொறியே.

‘அங்ஙனமாயின் இதனைக் கற்பதேன்? இயங்குதளத்தை எழுதுவோர் வல்லவர்; அவர் பார்த்துக்கொள்வர்’ என்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை வருமாறு. இயங்குதளத்தை எழுதுவோரும் பொறி மாறுந்தோறும் திணறவே செய்கின்றனர். 2020 பிப்ரவரியில் ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 3990எக்ஸ் என்னும் செயலி 64 கோர்களும் 128 இழைகளுமாக வந்தது. விண்டோஸ் 10 அவ்விழைகளை 64 கொண்ட இரு குழுக்களாகப் பிரித்தது. செயலிகளை 64 பிட் எண்ணொன்றில் குறித்துவைத்த பழைய வழக்கத்தின் விளைவு அது. குழுக்களை அறியாத நிரல் பாதிப் பொறியையே கண்டது. 2021இல் இன்டெல், வலிய கோர்களையும் சிக்கனமான சிறு கோர்களையும் ஒரே செயலியில் கலந்து வெளியிட்டபோது, எவ்வேலையை எக்கோரில் இருத்துவதென்பதற்கு இயங்குதளங்கள் புதியன கற்கவேண்டியிருந்தன. கோர்கள் எல்லாம் ஒத்தவையென்னும் பழைய கொள்கையும் அத்துடன் தளர்ந்தது.

இதனினும் பெரிதாவது மற்றொன்று. இயங்குதளம் எவ்வளவு திறமையாகப் பகிர்ந்தளிப்பினும், பிரிக்கப்படாத நிரலை அது பிரித்துத் தராது. நம் மாணவர் பெரிதும் பயிலும் பைத்தான் மொழியையே நோக்குக. அதன் வழக்கமான வடிவில், ஒரு நேரத்தில் ஓர் இழையே பைத்தான் கட்டளைகளை நடத்தக்கூடுமாறு ஒரு பெரும்பூட்டு நெடுங்காலமாக உள்ளது. அதனை நீக்கிய வடிவம், சோதனை முயற்சியாக, 2024 அக்டோபரில் வந்த 3.13ஆம் பதிப்பிலேதான் முதன்முதல் அளிக்கப்பட்டது. லினக்ஸ் கர்னல் 2011இல் முடித்த வேலையைப் பைத்தான் 2024இல் தொடங்கிற்று. பதினாறு கோர்ப் பொறியில் அம்மொழியில் பல இழைகளை எழுதிவிட்டு வேகம் கூடவில்லையே என்று வருந்தும் மாணவன், இப்பூட்டின் வரலாற்றை அறிந்திருப்பின் வருந்தான். இழைகளுக்கு மாறாகத் தனித்தனிச் செயல்களைப் படைத்து வேலையைப் பகிர்ந்திருப்பான்.

வேகம் ஒருபுறமிருக்க, பிழை மற்றொருபுறம் உண்டு. பூட்டவேண்டியவிடத்துப் பூட்டாது விடின் நேரும் கேடு பெரிது. 2003 ஆகஸ்ட் 14ஆம் நாள் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரமின்றி இருளில் ஆழ்ந்தனர். அதற்குற்ற காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, மின்கட்டுப்பாட்டு அறை ஒன்றின் எச்சரிக்கை மென்பொருளில் இரு செயல்கள் ஒரே தரவை ஒருங்கே எழுதப் புகுந்து, அம்மென்பொருள் செயலற்றுப்போனமை. எச்சரிக்கை நின்றதையே அறியாது ஊழியர் அமர்ந்திருந்தனர். இத்தகைய பிழை எந்நாளும் தோன்றுவதன்று. நூறாயிரம் முறை ஓடியபின் ஒருமுறை தலைகாட்டும். செயலிகள் பலவாய் மெய்யாகவே ஒருங்கே ஓடுமிடத்து அது தலைகாட்டும் வாய்ப்பு மிகும். நாளை மருத்துவமனைக்கும் இருப்புப்பாதைக்கும் வங்கிக்கும் நிரல் எழுதப்போகும் மாணவர்க்கு இவ்வறிவு அணிகலமன்று, கடமையாகும்.

ஆதலின் எமது பரிந்துரை இது. கணிப்பொறித் துறை உள்ள கல்லூரி ஒவ்வொன்றிலும், மாணவர் குழுவாய்க் கூடித் தம் கையாற் கட்டிய இரு சாக்கெட்டுப் பொறி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய பணிநிலையங்களின் உறுப்புகளே அதற்குப் போதும், புதியது வேண்டுவதில்லை. அதில் லினக்ஸையோ ஃப்ரீபிஎஸ்டியையோ நிறுவுக. அவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருத்தலால், எப்பூட்டு எங்குள்ளது என்பதை மாணவர் தம் கண்ணாற் படித்தறியலாம். பின்னர், கர்னலைத் தொகுத்தல் போன்ற பெரிய வேலை ஒன்றை ஒரு கோரைக் கொண்டும், இரண்டு, நான்கு, எட்டு கோர்களைக் கொண்டும் செய்வித்து, கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறிக்க. கிட்டிய எண்களிலிருந்து, பிரிக்கமுடியாத பகுதி எவ்வளவென்பதை ஆம்டால் கணக்கின்படி அவர்களே காண்பாராக.

மற்றொரு சோதனை இன்னும் எளிது. ஓர் எண்ணை இரு இழைகள் ஒவ்வொன்றும் பத்து லட்சம் முறை ஒன்று கூட்டுமாறு, பூட்டின்றி, சி மொழியில் நிரல் எழுதுக. விடை இருபது லட்சமாதல் வேண்டும். ஓட்டிப் பார்ப்பின் பெரும்பாலும் அதனினும் குறைந்த எண்ணே வரும்; மறுமுறை ஓட்டின் வேறோர் எண் வரும். ஓர் இழை பழைய எண்ணைப் படித்துக் கூட்டி எழுதுவதற்குள் மற்றதும் அப்பழைய எண்ணையே படித்துவிடுவதால் வரும் இழப்பு அது. தொகுப்பி அக்கூட்டலையெல்லாம் ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடாதவாறு மட்டும் காத்துக்கொள்க. பின்னர்ப் பூட்டிட்டு ஓட்டுக. விடை சரியாகும், ஆயினும் நேரம் மிகுந்து, சிலபோது ஒரே இழை செய்யும் நேரத்தினும் மிகுதல் காண்பர். பூட்டின் தேவையையும் பூட்டின் விலையையும் ஒரு பிற்பகலில் ஒருங்கே உணர்த்த இதனினும் சிறந்த ஆசான் இல்லை என்பது எம் துணிபு.

‘பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது, இதற்கு இடமேது?’ என ஆசிரியப் பெருமக்கள் சிலர் வினவக்கூடும். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும், பூட்டும் முட்டுநிலையும் இன்றும் பாடத்தில் உள்ளனவே. அவற்றின் இலக்கணத்தை எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றனர். அதே நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து மேற்கூறிய இரு சோதனைகளுக்குத் தருமாறே யாம் வேண்டுகின்றோம். நம் கல்லூரியிற் பயின்று இன்று இத்தொழிலில் சிறந்து விளங்கும் பழைய மாணவர், தம் அலுவலகங்கள் கழிக்கும் பொறியொன்றை அனுப்பி உதவுவாராயின், பொருட்செலவு என்னும் தடையும் பெரிதும் நீங்கும்.

மாணவ அன்பர்காள்! கோர்களின் எண்ணிக்கை இனியும் பெருகும்; அதனைப் பெருக்குவோர் நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. பெருகியவற்றுள் எத்தனை உழைக்கும், எத்தனை உறங்கும் என்பதோ நீவிர் எழுதும் நிரலைப் பொறுத்தது. அடுத்தமுறை பொறி வாங்கப் புகுங்கால், ‘எத்தனை கோர்?’ என்று வினவுமுன், ‘என் வேலையில் எத்துணைப் பகுதி பிரிக்கத்தக்கது? நான் ஓட்டும் இயங்குதளம் எத்தனையை ஆள வல்லது?’ என்று நும்மையே வினவிக்கொள்வீராக. அவ்வினாவிற்கு அளந்து விடை கூற வல்லவன், நான்கு கோர்ப் பொறியைக் கொண்டும் பயன் பெறுவான். வல்லாதவனுக்கு அறுபத்துநான்கும் மிகையே.